எங்கள் வீட்டு சவுண்ட்பார் பேசியது பற்றி

தைப்பிங்,
செவ்வாய்க்கிழமை, வெளியே மழை.

கோலகங்சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஹாஜி கமாருல் பஹ்ரின் அவர்களின் மேலான சமூகத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் துணைவியார் ஸலேஹா அம்மையாரும், தங்கள் மகன் தம்பி அஸ்ரியும் நல்ல சுகத்துடன் இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே நான், என் மனைவி ரொகாயா, மகள் சுரயா மூவரும் உடம்பளவில் சுகம். மேலே முதலில் 'சம்பந்தி அவர்களுக்கு' என்று எழுதினேன். அடித்தேன். வேறு தாள் எடுத்து மறுபடியும் அப்படியே எழுதி, அதையும் அடித்துவிட்டுத்தான் இப்போது தங்கள் பதவியைப் போட்டு எழுதுகிறேன். தாங்கள் பெண் கேட்டு வந்துபோய் இன்றோடு பதினோரு நாள். ஒரு தகவலும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. அன்று எங்கள் கூடத்தில் தாங்கள் கேட்கும்படி ஆனதையெல்லாம் நான் கேட்டிருந்தால், பதினோரு வருஷம் ஆனாலும் தகவல் அனுப்பியிருக்க மாட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்து மூன்று வருஷம் நில அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன். கையில் டோக்கன் வைத்திருக்கும் மனிதரிடம் எவ்வளவு நேரமானாலும் பேசுவேன். டோக்கன் இல்லாமல் எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தாங்களும் அதிகம் பேசமாட்டீர்கள் என்று தம்பி அஸ்ரி சொல்லியிருந்தார். ரொகாயாவுக்கு ஒரே கவலை. "அவரும் பேசமாட்டாராம், நீங்களும் பேசமாட்டீங்க. ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து செவுத்தப் பாத்துக்கிட்டிருந்தா, வந்தவங்க என்ன நெனைப்பாங்க?" என்றாள். தங்களுக்குப் பேட்மிண்டன் என்றால் உயிர் என்றும், தாங்கள் வரும் சனிக்கிழமை அரையிறுதி ஆட்டம் என்றும் சுரயா சொன்னாள். சரி, நல்லதாக ஒரு டிவி வாங்கிவிட்டால் ஆண்கள் பேச வேண்டிய அவசியமே இருக்காது என்று நினைத்தேன். இதுதான் என் முதல் தவறு.

கடைத்தெருவில் லியோங் என்பவர் கடைக்குப் போனேன். எங்கள் அலமாரியின் அகலத்தைக் கயிற்றில் அளந்து எடுத்துப் போயிருந்தேன், ஐம்பது அங்குலம். "ஐம்பது இஞ்ச் டிவி கொடுங்க" என்றேன். "பாச்சிக், பெரியவரே, டிவிய மூலைக்கு மூலை அளக்கணும். அம்பத்தஞ்சு எடுத்துக்குங்க, உள்ள போயிடும்" என்றார். ஐம்பத்தைந்து எப்படி ஐம்பதுக்குள் போகும் என்று நான் வாதம் பண்ண, அவர் பொறுமையாக என் கயிற்றை வாங்கி டிவியின் மேல் விளிம்பில் பிடித்துக் காட்டினார். கயிறு மிஞ்சியது. ஆயுசில் பாதியை நில அளவைப் படங்களுக்கு நடுவில் கழித்தவனுக்கு ஒரு டிவிக்காரர் அளக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த வெட்கத்தில் அதற்குப் பிறகு அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். "இப்ப வர்ற டிவியெல்லாம் மெலிசு பாச்சிக், சத்தத்துக்கு உள்ள எடமில்ல. கீழ நீளமா ஒரு சவுண்ட்பார் வைக்கணும். ஆனா டிவிக்கு ஒத்துப்போறதாப் பாத்து எடுக்கணும். ரெண்டுலயும் ஏ.ஆர்.சின்னு எழுதின ஓட்டை இருக்கா பாருங்க. இதுலேர்ந்து அதுக்கு ஒயர மாட்டுனா சரியாப் போச்சு" என்றார். ரெண்டிலும் இருந்தது. அப்படி நான் பொருத்தம் பார்த்துத்தான் வாங்கினேன், அதைத் தாங்கள் நம்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்து அலமாரியில் ஏற்றிய பிறகுதான் ஓட்டைகளெல்லாம் டிவியின் முதுகில் இருப்பது தெரிந்தது. டிவியை நகர்த்த நானும் ரொகாயாவும் போதவில்லை. அவளுடைய முகம் பார்க்கும் கண்ணாடியைப் பின்னால் நீட்டிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்ததில் பக்கத்து ஓட்டையில் மாட்டிவிட்டேன் போலிருக்கிறது. படம் வருது, சத்தம் வரல. லியோங்குக்குப் போன் பண்ணினா, "ஒயர விடுங்க பாச்சிக், புளூடூத்ல போட்டுருங்க, காத்துலயே போயிடும்" என்றார். காற்றிலேயே போனது. சவுண்ட்பாரை டிவிக்கு முன்னால் வைத்ததில் ரிமோட்டைப் பார்க்கும் டிவியின் கண் மறைந்துவிட்டது. அதனால் பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி கையைத் தலைக்குமேல் தூக்கித்தான் ரிமோட்டை அமுக்க வேண்டும். அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரொகாயா சமையலறைக்கும் கேட்கட்டும் என்று, அவள் தங்கை ஸைத்தூன் ஈப்போவிலிருந்து ரெண்டாங் இறைச்சிக் கறியின் பக்குவத்தைக் குரல் செய்தியாக அனுப்பியதைத் தன் போனிலிருந்து அந்தப் பாரில் போட்டுக் கேட்டாள். அப்படி ஒரு தடவை போட்டால், அந்தப் பார் அவள் போனை மறக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை தாங்கள் வந்தீர்கள். பெண்கள் உள்ளே போனார்கள். தாங்களும் நானும் தங்கள் தம்பிமார் இருவரும் உட்கார்ந்தோம். ஆட்டம் இரண்டாவது செட். தாங்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து என் மனசு குளிர்ந்தது. அப்போதுதான் சத்தம் நின்றது. திரையில் அந்தப் பயிற்சியாளர் ஆட்டக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறார், வாய் அசைகிறது, வருவதோ என் மச்சினி ஸைத்தூனின் குரல்.

"அக்கா, ஹெட்மாஸ்டர் வந்தாச்சா? அவரக் கண்டா வாத்தியாருங்களே கழிவறைக்குள்ள ஒளிஞ்சுக்குவாங்களாம். ரெண்டாங்குல உப்பு சரியான்னு பாத்துக்க, கொறஞ்சா மார்க்கக் கொறச்சிடுவாரு."

தங்கள் தம்பி ஒருவர் இருமினார். நான் ரிமோட்டைத் தலைக்குமேல் தூக்கி அமுக்கினேன். பதற்றத்தில் சத்தம் கூடிப்போச்சு.

"மச்சான் என்ன பண்றாரு? பேச்சுக் குடுத்தாரா, இல்ல புது டிவிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாரா?"

எழுந்துபோய் கைக்குக் கிடைத்த பிளக்கைப் பிடுங்கினேன். டிவி அணைந்தது. பார் அணையவில்லை. உள்ளே ரொகாயா, தன் போனில் சத்தமே வரமாட்டேனென்கிறதே என்று அடுத்ததையும் அடுத்ததையும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போது மூன்றாவது வந்தது.

"அக்கா, சுரயா சாப்ட்டாளா? நேத்து எங்கிட்ட போன்ல அழுதா. 'அவங்க வேணாம்னு சொல்லிட்டா நான் அப்பா முன்னாடி சிரிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன் சின்னம்மா, ஆனா வேற எடம் பாக்க வேணாம்னு நீதான் சொல்லணும்'னு சொன்னா. அந்தப் பையன்னா அவளுக்கு அவ்வளவு பிரியம்க்கா."

ஐயா, எனக்கு அது தெரியாது. பல் மருத்துவமனையில் வேலை, வீடு, தொழுகை என்று இருக்கிற பெண். சம்மதமா என்று கேட்டபோது "உங்க இஷ்டம் அப்பா" என்று சொன்னாள். அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். என் மகள் மனசில் இருந்ததைத் தாங்கள் கேட்ட அதே நிமிஷத்தில்தான் நானும் கேட்டேன், ஒரு சவுண்ட்பார் சொல்லி. அவள் தேநீர்த் தட்டோடு வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிய சத்தம் கேட்டது. தாங்கள் கூரை விசிறியைப் பார்த்தீர்கள். பிறகு "அசர் தொழுகைக்கு நேரமாச்சு, கெளம்பறோம்" என்று எழுந்துவிட்டீர்கள். ரெண்டாங்கை யாரும் தொடவில்லை.

மறுநாளே பாரைத் தூக்கிக்கொண்டு லியோங்கிடம் போனேன். "இதுல ஒரு கோளாறும் இல்லயே பாச்சிக், தெளிவாக் கேக்குதே" என்றார். இப்போது அது துணி அலமாரியில், போர்வைக்கு அடியில் இருக்கிறது. இனி எந்தக் காலத்திலும் அது பேசாது. நான் கேட்பது ஒன்றுதான். ஸைத்தூன் வாய் நீளம், திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள். பெண்ணை அற்பமாக நினைத்துவிட வேண்டாம். அன்றிலிருந்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், என் எதிரில் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை இப்போது என்னால் பார்க்க முடியவில்லை.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும் இறைவன் தருவானாக. ஸலேஹா அம்மையாருக்கு எங்கள் சலாம். தங்கள் துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளவும்.

பணிவுடன்,
பஹாருடின் பின் இத்ரிஸ்

பின்குறிப்பு: உறையில் போடும்போது ரொகாயா பார்த்துவிட்டாள். வாங்கி நின்றபடியே படித்தாள். "இத எதுக்கு எழுதுனீங்க அபாங்? அன்னிக்குச் சாயங்காலமே ஸலேஹா அக்கா போன் பண்ணிட்டாங்க. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த சனிக்கிழம நிக்காஹ். மண்டபம்கூடச் சொல்லியாச்சு. சுரயா சந்தோஷமாத்தான சிரிச்சுக்கிட்டுத் திரியறா, உங்களுக்குத் தெரியலயா?" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நான் கேட்கவில்லையாம். தங்களுக்கும் இதை யாரும் இன்னும் சொல்லவில்லை என்று தெரிகிறது. ஏனென்றால் தாங்கள் அன்று ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் எழுந்துபோனதற்கு எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்களாம். மூன்றாவது பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று ஸலேஹா அம்மையார் சொன்னார்களாம். சம்பந்தி, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். முடித்து அனுப்புங்கள். நேரில் பார்க்கும்போது நாம் இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசப்போவதில்லை.