என் சம்பந்தியும் அப்பாவின் பம்ப் துவக்கும்

ஹம், ஜெர்மனி,
வெள்ளிக்கிழமை

என் மதிப்புக்கும், இப்போது என் பயத்துக்கும் உரிய அரியரத்தினம் அண்ணைக்குத் தம்பி ஜேசுரட்ணம் எழுதுவது.

மடு மாதாவின் கிருபையால் இங்கே டொறத்தியும் மகள் லவினியாவும் நானும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் சீனி வருத்தமும் தணிந்திருக்க மன்றாடுகிறேன். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்கு. உண்மையில் ஆறு நாட்களாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கும் பால்கனிக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்கிறது. போனில் சொல்லலாமென்றால் டொறத்தி எதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பாள். ஆகவே கடிதம்.

அண்ணை, கோபிக்க வேண்டாம். அப்பாவின் பம்ப் துவக்கால் வயலில் அந்தப் பெரிய பன்றிக்கு வெடி வைத்தது நீங்கள். நான் பாலை மரத்தில் இருந்தேன். இது நம் இருவருக்கும் தெரியும், பன்றிக்கும் தெரியும். ஆனால் ஜெர்மனிக்கு வந்த பிறகு, எப்படியோ, சுட்டவன் நான் ஆகிவிட்டேன். முதலில் அகதி முகாமில் பொழுது போகச் சொன்னது. பிறகு லவினியாவுக்குச் சோறு தீத்தச் சொன்னது. "முதுகு மயிர் தும்புத்தடி மாதிரிச் சிலிர்த்துக்கொண்டு நிண்டது பிள்ளை" என்று சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிடும். முப்பது வருடத்தில் உங்களையும் மரத்தில் ஏற்றிவிட்டேன். மன்னியுங்கள்.

லவினியா கட்டப்போகும் பெடியன் ஜெர்மன்காரன். நல்ல பிள்ளை, இடியப்பத்தைக் கையால் குழைத்துச் சாப்பிடுவான். அவன் தகப்பன் கிளவுஸ் சரியான வேட்டைக்காரர், வீட்டுச் சுவர் முழுக்கக் கொம்பு. என் கதையைக் கேட்டவர் சும்மா இருப்பாரா? போன சனிக்கிழமை என்னைத் துவக்குச் சுடும் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, தன் தகப்பன் வைத்திருந்த பழைய பம்ப் துவக்கைத் தோட்டாவும் போட்டுக் கையில் தந்துவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் லவினியா வீடியோ எடுக்கிறாள். அப்பா வெடி வைக்க முன் "சடக், சடக்" என்று முன்பிடியை இழுப்பது மட்டும்தான் ஞாபகம். நானும் இரண்டு தரம் இழுத்தேன். சுடாத தோட்டா ஒன்று துள்ளி வெளியே விழுந்தது. சரியாக இழுபடவில்லையாக்கும் என்று மறுபடி இழுத்தேன். இன்னொன்று. பதற்றத்தில் இழுக்க இழுக்க, எல்லாத் தோட்டாவும் என் சப்பாத்தைச் சுற்றிக் கிடந்தன. பிறகு விசையை அழுத்தினேன். "டிக்."

மானம் போனதென்று நிற்கிறேன், கிளவுஸ் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார். அடுத்தவர் துவக்கை வாங்கியதும் வெறுமையாக்கிக் காட்டுபவன்தான் உண்மையான வேட்டைக்காரனாம்! இங்கத்தை வேட்டைக்காரரின் வழக்கமாம், தொப்பியில் குத்த ஒரு சின்ன மரக்கொப்பும் தந்தார். டொறத்தி அதைக் குருத்து ஞாயிறுக்குக் கோயிலில் ஓலைக்குப் பதில் தந்த கொப்பென்று நினைத்து மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

வினை இனித்தான். கலியாணத்தன்று எழும்பிப் பேசும்போது அந்தப் பன்றிக் கதையைச் சொல்லப்போகிறாராம். அதற்காக அடுத்த மாதம் உங்களைப் போனில் அழைத்து, இங்கிலிஸில் எல்லாம் விசாரிக்கப்போகிறார். நூற்றைம்பது சனத்துக்கு முன்னால் என் பிள்ளை தகப்பனைப் பொய்யனாகப் பார்க்கக் கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன் அண்ணை, ஒரே ஒரு தரம் மரத்தில் ஏறுங்கோ.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் குறைந்த ஞாபகசக்தியும் தருவாராக.

உங்கள் தம்பி,
ஜேசுரட்ணம்

பி.கு.: உறை ஒட்டுமுன் உங்கள் குரல்பதிவு வந்தது. டொறத்தி வழக்கம்போல ஸ்பீக்கரில் போட, வீடே கேட்டது. "தம்பி, உன்ரை சம்பந்தி இண்டைக்கே போன் எடுத்திட்டார். அவர் சொல்லித்தான் நீ சுட்டதெண்டு எனக்கே தெரிய வந்தது. ஓம், அவன்தான் சுட்டவன், நான் மரத்திலை இருந்தனான் எண்டு சொல்லிப்போட்டன். நீ ஒண்டுக்கும் யோசியாதை." எனக்கு அழுகை வந்துவிட்டது அண்ணை. லவினியாவைப் பார்க்க முடியவில்லை. அவள் வந்து பக்கத்தில் இருந்தாள். "எனக்குச் சின்னனிலையே தெரியும் அப்பா. நீங்கள் ஒருநாளும் பன்றியின்ரை மூஞ்சையைச் சொன்னதில்லை. எப்பவும் மேலையிருந்து தெரியிற முதுகுதான்."