ஐந்தாம் பாடம் யார் கண்ணுக்குத் தெரியும்?

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம், மாவுக்கட்டுப் போட்ட என் இடது காலைத் தவிர. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். குறிப்பாக நீங்கள். நான் இனிமேல் எழுதப்போவதைத் தாங்க உங்களுக்கு நல்ல உடம்பு வேண்டும்.

தொழிற்பயிற்சிப் பள்ளியில் லிஃப்ட் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கிறவன் நான். கால் முறிந்து வீட்டோடு கிடந்தபோது, "கவலைய விடுங்க மாமா, எங்க ஆன்லைன் வகுப்புல பாடத்த ஏத்திடலாம், உக்காந்த எடத்துலேருந்தே நடத்துங்க" என்றது நீங்கள்தான். யார் எதைப் பார்க்கலாம் என்பதற்கு அடுக்கடுக்காகப் பார்வை நிலைகளை நீங்களே வடிவமைத்ததாக மார்தட்டிக்கொண்டதும் நீங்கள்தான். சாப்பிட்டுக்கொண்டே நான், "பிரேக் பாடத்துல தேறாதவன் பிரேக் பக்கமே போகக்கூடாது மாப்பிள்ளை" என்றேன். சொன்னேன்தான், இல்லை என்று சாதிக்கவில்லை. அதற்காக, பிரேக் பாடமான ஐந்தாம் பாடத்தின் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும்தான் ஐந்தாம் பாடமே கண்ணுக்குத் தெரியும் என்று வைப்பாரா ஒரு மனுஷர்? தேர்வு எங்கே இருக்கிறது? பாடத்துக்குள்ளே! சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நிற்கிற ஆளைப் பார்த்திருக்கிறேன். அதற்குச் சம்பளம் வாங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

மாணவர் ஒருவருக்கும் பாடம் தெரியவில்லை. ஆனால் 'ஊழியர்' நிலையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிகிறது. வாட்ச்மேன் ராத்திரி பகலாகப் படித்துவிட்டுப் போன் பண்ணி, "அஞ்சாம் பாடம் பிரமாதம் சார், இனிமே நான் படியிலதான் ஏறுவேன்" என்கிறார். பள்ளியின் காசாளர் அம்மாவிடம், அதைப் படியெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். "என் நிலைக்குப் பாக்கத்தான் உரிமை சார், அனுப்ப உரிமை இல்ல" என்றார். சரி, நானே உள்ளே நுழைந்து பார்க்கலாம் என்றால் என்னை 'விருந்தினர்' என்று போட்டு வைத்திருக்கிறீர்கள். 'இதைப் பார்க்க அனுமதி இல்லை. பாடத்தின் ஆசிரியரை அணுகவும்' என்கிறது. யோவ், நான்தானய்யா ஆசிரியர்! கண்ணாடி முன்னால் போய் நின்று எனக்கு நானே கும்பிடு போட்டு அனுமதி கேட்கவா? மன்னிக்கவும், 'யோவ்' வாய் தவறி வந்துவிட்டது மாப்பிள்ளை.

மாணவர்களைப் போனில் பிடிக்கலாம் என்றால் அவர்கள் நம்பரும் விருந்தினருக்குத் தெரியாதாம். உங்களைப் பிடித்தால், "எனக்கே அந்தப் பாடம் தெரியல மாமா, ஆனா அது கோளாறு இல்ல, டிசைனே அப்படித்தான்" என்கிறீர்கள். பின்னாலிருந்து என் மகள், "அப்பா, கத்தாதீங்க, அவருக்கு மீட்டிங் இருக்கு" என்கிறாள். மீட்டிங்காம் மீட்டிங்! எங்கள் பள்ளி முதல்வரோ, "பாடம் ஏறிடுச்சுன்னு பச்சையா காட்டுது சார், திங்கக்கிழமை எல்லாரையும் வேலைக்கு அனுப்பிடலாம்" என்று சிரிக்கிறார். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்த பெண் அந்த வகுப்பில் இருக்கிறாள். அடுத்த மாதம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஒருத்தன் இருக்கிறான். ஐந்தாம் பாடம் படிக்காமல் லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டினால், அந்தத் தலை அவர்களுடையது, உங்கள் டிசைனுடையது அல்ல.

அந்தப் பாடத்தில் என்னதான் இருக்கிறது என்று கேட்டீர்களே, எழுதித் தொலைக்கிறேன், கேளுங்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்தால் போதாது, அதற்குப் பூட்டுப் போட வேண்டும். அந்தச் சாவி வேலை செய்கிறவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும், கூட்டாளியிடம்கூடக் கொடுக்கக்கூடாது, முதலாளி கேட்டாலும் கொடுக்கக்கூடாது. பிறகு பட்டனை அழுத்தி, லிஃப்ட் பெட்டி அசையவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். "ஆஃப் பண்ணிட்டேன்" என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது, பெற்ற அப்பனே சொன்னாலும் நம்பக்கூடாது. அதற்குப் பிறகுதான் பிரேக்கில் கை, அதற்கும் பிறகுதான் குழிக்குள் தலை. இவ்வளவுதான் மாப்பிள்ளை! இதை ஒளித்து வைக்க இத்தனை பூட்டா?

ஞாயிற்றுக்கிழமைக்குள் பாடம் திறக்காவிட்டால், நொண்டிக்கொண்டே உங்கள் அலுவலகத்துக்கு வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவேன். என் மகளுக்கு என் ஆசி. உங்களுக்கும் ஆசி உண்டு, பாடம் திறந்த பிறகு.

இப்படிக்கு,
கொதித்துப் போயிருக்கும் உங்கள் மாமனார்

பின்குறிப்பு (கடிதம் போன பிறகு எழுதுவது): இந்தக் கடிதத்தை உங்கள் மென்பொருளின் செய்திப் பெட்டியில்தான் தட்டினேன். 'யார் பார்க்கலாம்?' என்று கேட்டது. 'ஐந்தாம் பாடத்தைப் பார்க்க முடியாதவர்கள்' என்று ஒரு நிலை இருந்தது. நீங்களும் பார்க்க முடியாதவர்தானே என்று அதை அழுத்திவிட்டேன். மாணவர்கள் அத்தனை பேருக்கும் போய்விட்டது மாப்பிள்ளை! இப்போது பதில் மேல் பதில் வருகிறது. "சாவி என் பையில, யாருக்கும் குடுக்க மாட்டேன் சார்" என்று அந்தக் கைக்குழந்தைக்காரி எழுதியிருக்கிறாள். படித்து முடித்தபோது கண் கலங்கிவிட்டது. தயவுசெய்து அந்தப் பார்வை நிலையில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், உங்களுக்கு முழு ஆசி. ஒரே ஒரு சிக்கல். கல்யாணப் பையன், "மாப்பிள்ளையைப் பத்தின பகுதியும் பரீட்சைக்கு வருமா சார்?" என்று கேட்டான். வரும் என்று எழுதிவிட்டேன்.