மூழ்கிய பரிசலில் ஒரு மேல்முறையீடு

இருகரை நாடு என்றொரு நாடு. நடுவே ஆறு. இக்கரையில் சிறைச்சாலை, அக்கரையில் மேல்முறையீட்டு மன்றம். தண்டனை பெற்றவருக்கும் மேல்முறையீட்டு உரிமை உண்டு என்பதில் அந்நாட்டாருக்கு ஏகப்பட்ட பெருமை. விருந்தாளி வந்தால் சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன் அதைத்தான் சொல்வார்கள்.

நாட்டில் இருந்தது ஒரே ஒரு அரசுப் பரிசல். அதை ஓட்டியவர் மாரய்யன். ஒரு வெள்ளத்தில் கயிறு அறுந்து பரிசல் போய்விட்டது. அவர்தான் வேண்டுமென்றே மூழ்கடித்தார் என்று கீழ் மன்றம் ஆயுள் சிறை விதித்தது. கொஞ்ச நாளில் அவர் மனைவி குருநாயகி, நாணல் புதரில் சிக்கிக் கிடந்த பரிசலைக் கண்டுபிடித்துத் துறைக்கு இழுத்து வந்து கட்டினாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

இனி மாரய்யனை விட்டுவிடுவார்கள் என்றுதான் அங்கே விருந்தாளியாகப் போயிருந்த நான் நினைத்தேன். அந்த நாட்டைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

"பரிசல் மூழ்கிவிட்டதாகத் தீர்ப்பு இருக்கிறது. ஆகவே துறையில் நிற்பது பரிசல் அன்று" என்று அமைச்சர் அறிவித்தார். அதில் ஏறினால் மன்ற அவமதிப்பு. பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்தைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார்கள். பிரசவ வலி கண்டவர்களும் நீந்தலாம் என்று அமைச்சர் பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

மாரய்யனின் மேல்முறையீட்டு நாள் வந்தது. நீதிபதிகள் மூவருக்கும் வீடு இக்கரையில். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. உரிமையை நிலைநாட்டியாக வேண்டுமே! கைதியை வரவழைத்து, அதே பரிசலில் ஏறி, அவரையே துடுப்புப் போடச் சொன்னார்கள். இது மட்டும் அவமதிப்பாகாதா என்று கேட்ட காவலர் இப்போது வேறு ஊரில் பணியாற்றுகிறார்.

"பரிசல் முழுகலீங்க சாமி. நாம எல்லாரும் இப்ப அதுலதானுங்களே வந்தோம்?" என்றார் மாரய்யன் மன்றத்தில்.

"வந்தது உண்மை." தலைமை நீதிபதியின் அங்கி ஓரத்தில் ஆற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "எதில் வந்தோம் என்பது வழக்கில் இல்லை. கீழ் மன்றம் பார்க்காததை மேல் மன்றம் பார்க்கக் கூடாது. மேல்முறையீடு தள்ளுபடி."

மாலையில் வீடு திரும்ப வேண்டும். மறுபடி மாரய்யன், மறுபடி அதே பரிசல். நட்டாற்றில் அவர் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பரிசல் தன் போக்கில் சுற்றத் தொடங்கியது. கரையில் நின்ற எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது.

"என்னய்யா இது? துடுப்பைப் போடு!"

"முழுகிப் போன பரிசலுக்குத் துடுப்பு எதுக்குங்க சாமி?"

கொஞ்ச தூரத்தில் தண்ணீர் பாறையில் மோதும் இரைச்சல் கேட்டது. நீதிபதிகள் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தலைமை நீதிபதி இருந்த இடத்திலேயே மன்றத்தைக் கூட்டினார்.

"முந்தைய தீர்ப்பு ரத்து! பரிசல் மிதக்கிறது! நீ நிரபராதி! போதுமா?"

"போதுமுங்க."

அந்தத் தீர்ப்பு கரைவரைக்கும் கேட்டது. குருநாயகி முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தாள். மாரய்யன் பரிசலைப் பத்திரமாகத் துறையில் சேர்த்தார்.

தலைமை நீதிபதி தரையில் காலை ஊன்றினார், அங்கியைப் பிழிந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூழ்கிய பரிசலில் மன்றம் கூட முடியாது. ஆகவே அங்கே சொன்ன தீர்ப்பு செல்லாது. கைதியைக் கொண்டுபோங்கள். விரும்பினால் அவர் மறுபடி மேல்முறையீடு செய்யலாம்; அது அவருடைய உரிமை."

"செய்யறோமுங்க சாமி," என்றாள் குருநாயகி. "அதக் கேக்கறதுக்கும் நீங்க அக்கரைக்குப் போய்த்தானுங்களே ஆகோணும்?"