நான் காப்பாற்றப் போன லட்சணம்

காவிரிப் பாசனத்தில் பிறந்து, ஆற்றுக்கு நடந்தே போகிற தூரத்தில் வாழ்க்கைப்பட்டு, முப்பத்தெட்டு வயது வரை நீச்சல் தெரியாமல் இருந்தவள் நான். இதைச் சொல்ல வெட்கமாக இல்லை, ஆத்திரமாக இருக்கிறது.

முதல் ஆத்திரம் என் அம்மா மீது. யாரோ ஒரு ஜோசியர் என் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, “பொண்ணுக்குத் தண்ணியில கண்டம்” என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து என்னை வாய்க்கால் பக்கம்கூட விடவில்லை. தண்ணீரில் கண்டம் என்றால் முதல் காரியமாக நீச்சலை அல்லவா கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்? (கேட்டால், “பொம்பளப் புள்ள ஆத்துல குதிச்சு என்ன ஆகப்போவுது?” என்பார். அண்ணன் மட்டும் பம்புசெட் தொட்டியில் நாள் முழுக்கக் கிடப்பான்.)

சரி, அம்மாதான் அப்படி. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற நான் என்ன கிழித்தேன்? என் மகள் யாழினிக்கு அபாகஸ், கீபோர்டு, இந்தி, கராத்தே எல்லாவற்றுக்கும் வகுப்பு உண்டு. யாராவது உதைக்க வந்தால் திருப்பி உதைப்பாள். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற அரசலாற்றில் விழுந்தால் என்ன செய்வாள் என்று யோசிக்கிற புத்திதான் எனக்கு இல்லை.

அவளுக்குப் பத்து வயது. ஆடிப்பெருக்கு. தாராசுரத்து வீட்டிலிருந்து நானும் கணவரும் அவளும் படித்துறைக்குப் போனோம். ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. நான் மேல்படியில் மாவிளக்கையும் காதோலை கருகமணியையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பூவைத் தண்ணீரில் விடுகிறேன் என்று கடைசிப் படிக்குப் போன யாழினி பாசியில் வழுக்கி ஆற்றுக்குள் விழுந்தாள்.

விழுந்தவள் படித்துறைச் சுவரில் தொங்கிய இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, புடிச்சிட்டேன்!” என்று கத்தவும் செய்தாள். என் காதில் நன்றாகவே விழுந்தது. இருந்தும் குதித்தேன்.

கட்டியிருந்தது பட்டுப்புடவை. நனைந்தால் அது எவ்வளவு கனக்கும் என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. கால் தரையைத் தேடியது, தரை இல்லை. கைக்குக் கிடைத்தது மகளின் கழுத்து. அதைக் கட்டிக்கொண்டேன். அவளோ சங்கிலியை விடவில்லை. கரைக்கு இழுப்பதாக நினைத்துக்கொண்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாகச் சங்கிலியிலிருந்து பிரித்தேன். இருவரும் ஆற்றோடு போனோம்.

கரையில் என் கணவர், “யாராச்சும் எறங்குங்களேன்!” என்று அலறினார். கையில் இருந்த தூக்குவாளியைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தார். (புளிசாதம் கொட்டிவிடக் கூடாதாம்!) சுற்றி நின்ற அத்தனை பேரும் அவரைவிடச் சத்தமாக அலறினார்களே தவிர, ஒருவரும் உருப்படியாக எதுவும் செய்யவில்லை.

செய்தவர் செல்வி. குடவாசல் பக்கத்திலிருந்து வந்திருந்த, நடவு வேலைக்குப் போகிற பெண். அவர் தண்ணீரில் இறங்கவே இல்லை. காலியான ஐந்து லிட்டர் கேனின் மூடியை இறுக்கி, உட்கார விரித்திருந்த பழைய புடவையை அதன் கைப்பிடியில் முடிந்து, கரையோடு ஓடிவந்து எங்கள் பக்கம் வீசினார்.

“அந்தப் புள்ள கழுத்த விடுங்க! கேனப் புடிங்க!”

நான் விடவில்லை. மூச்சுத் திணறியபடி என் மகள்தான் எட்டிக் கேனைப் பிடித்தாள். நான்கைந்து பேர் சேர்ந்து இழுத்து எங்களைக் கரையேற்றினார்கள். யாழினி வாயாலும் மூக்காலும் தண்ணீர் வந்தது. அழக்கூட அவளிடம் மூச்சு இல்லை. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

அவள் இருமி, அழுது, மூச்சு சீரான பிறகு செல்விக்கு வந்ததே கோபம்!

“புள்ள நல்லாத்தானேங்க புடிச்சிக்கிட்டு இருந்துச்சு? நீங்க எதுக்கு வந்து வுழுந்தீங்க? எதையாச்சும் தூக்கிப் போட்டா பத்தாதா?” என்றவர், என் கணவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, அந்தத் தூக்கையாச்சும் கீழ வைக்கக் கூடாதா?”

படித்துறையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

மறுவாரமே மூவரும் நீச்சல் வகுப்பில் சேர்ந்தோம். (“அடுத்த மாசம் பாத்துக்கலாமே” என்ற கணவரை, அடுத்த மாதம்தான் சோறு என்று சொல்லி வழிக்குக் கொண்டுவந்தேன்.) யாழினி மூன்றே வாரத்தில் நீந்தினாள். எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. கணவர் இன்னும் ஓரக் கம்பியை விட்டபாடில்லை.

யாழினி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அடுப்பில் தோசை தீய்ந்தாலும் சரி, ஸ்கூட்டர் கிளம்பாவிட்டாலும் சரி, நான் பதறிக்கொண்டு ஓடினால், “நீ வராதம்மா, நான் சங்கிலியப் புடிச்சிட்டேன்!” என்கிறாள். வீடே சிரிக்கும். வந்த விருந்தாளிக்குப் புரியாது. உடனே பட்டுப்புடவை, தூக்குவாளி என்று நடித்துக்காட்டி முழுக் கதையையும் சொல்வாள்.

சங்கிலி வரும் இடத்தில் மட்டும், “அப்பப் பாத்து என் கை வழுக்கிடுச்சு” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அடுத்ததற்குப் போய்விடுகிறாள். கை வழுக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும்.