குமிழியாரும் என் பட்டுக்கரை வேட்டியும்

புதுவயல் பொட்டலில் அரிசி ஆலை எழுப்பினேன். ‘இவனாவது ஆலையாவது’ என்றார்கள். ஊரிலேயே உயரமான புகைபோக்கி வைத்தேன். நெல் ஊறிய தண்ணீர் நாறுகிறது என்றார்கள். அதைச் சுத்தம் பண்ண, அடியிலிருந்து காற்று ஊதும் தொட்டியும் கட்டினேன். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். இத்தனை செய்த என்னையும் துண்டோடு நிற்க வைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் குமிழியார்.

தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அடியில் பொடித்துளைக் கற்கள்; காற்று எந்திரமான புளோயர் ஊதினால் அவற்றின் வழியே குமிழி வரும். நாள் முழுக்க விளிம்பில் உட்கார்ந்து அதையே பார்ப்பார். குமிழி கடுகளவு இருந்தால் சிரிப்பார். பணியாரம் அளவு வந்தால் கல் அடைகிறது என்று அர்த்தம். அன்று பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்.

எழுபதுகளில் ஓர் ஆயுத பூசை. எல்லா எந்திரத்தையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்தேன். புளோயரையும் நிறுத்தப் போனேன். குறுக்கே வந்து நின்றார்.

"முதலாளி, மூச்சுக்குமா லீவு விடுவீக?"

"வருசம் பூரா ஓடுது. ஒருநா ஓய்வு வேணாமா? தள்ளுமய்யா அங்குட்டு!"

நிறுத்தினேன். விடிந்தால் விஜயதசமி. ஓடவிட்டுப் பார்த்தால், காற்று நின்ற நேரத்தில் சகதி படிந்து கல்லெல்லாம் அடைப்பு. ஒரு மூலையில் நாலே குமிழி, பணியாரம் பணியாரமாக. மத்தியானத்துக்குள் நாற்றம் கண்மாய்க்கரை வரை போய், ஊரே வாசலில் நின்றது.

"மூணு நாள்ல நாத்தம் நிக்கலைன்னா ஆலைக்குப் பூட்டுத்தான்" என்று சொல்லிப் போனார் ஊர்த் தலைவரான அம்பலம்.

குமிழியார் தலைப்பாகையை இறுக்கினார். தண்ணீரை இறைத்து, இறங்கி, ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, திராவகம் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தார். திடீரென்று தலை மட்டும் மேலே வந்தது.

"கல்லுக்கு உள்பக்கமும் தவிட்டுத் தூசி! புளோயர் வாயைத் தவிட்டுக் கொட்டகையைப் பாக்க வச்ச புண்ணியவான் யாரு?"

நான்தான். புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தேன்.

"காத்தை வடிகட்டி விடணும். நெருக்கமா நெய்த துணி வேணுமே..." என்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யோவ், இது பட்டுக்கரை..." என்பதற்குள் என் வேட்டி புளோயர் வாயில் இருந்தது. களத்தில் நெல் காயவைத்த பெண்கள் முறத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள்.

மூன்றாம் நாள் அம்பலம் வந்தார். தொட்டி முழுக்கக் கடுகுக் குமிழி. மூக்கைச் சுருக்கினார், விரித்தார், மறுபடி சுருக்கினார்.

"நாத்தத்தை எங்கப்பா ஒளிச்சு வச்சிருக்கீக?"

அடுத்த ஆயுத பூசைக்குப் புளோயர் ஓட ஓடத்தான் பொட்டு வைத்தோம்.

அந்த வேட்டியை வாராவாரம் குமிழியாரே துவைத்துப் புளோயர் வாயில் கட்டுவார். அவர் காலத்துக்குப் பின் நான் துவைத்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. ஆலையைக் காப்பாற்றியவர் குமிழியார் என்று ஊர் பேசுகிறது. தாராளமாகப் பேசட்டும். கூடவே, வேட்டி கொடுத்தவன் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள்.