மூணுமடைப்பட்டி வியூ டவர்

கட்டடங்கள் சிமென்ட்டால் நிற்கின்றன என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கும் பொறியாளர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கட்டடங்கள் சொல்லால் நிற்கின்றன. மனித குலம் இத்தனை காலம் அறியாமல் கிடந்த இந்த உண்மையைக் கண்டுபிடித்த பெருமை, கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற ரோட்டில் பிரிந்து உள்ளே போனால் வருகிற மூணுமடைப்பட்டியின் ஊராட்சித் தலைவர் சுந்தரலிங்கத்தையே சேரும்.

அவருக்கு இது அனுபவ ஞானம். திராட்சைப் பெட்டி அடுக்குகிற தகரக் கொட்டகை ஒன்று அவருக்கு இருந்தது. கொட்டகை என்று இருந்தவரை அதற்குள் எலிதான் குடும்பம் நடத்தியது. வாசலில் 'மஹால்' என்று போர்டு வைத்து, சீரியல் பல்பைச் சுற்றிவிட்டார். அடுத்த தை மாதமே ஊர் அங்கே கல்யாணம் முடித்தது. எலிகள் காலி செய்யவில்லை. விருந்தினர் ஆகிவிட்டன, அவ்வளவுதான். மாடியில் ஒரு ரூம் கட்டியதும் அவர் வீடு 'பேலஸ்' ஆயிற்று. அதற்கு மேலும் ஒரு ரூம் எழும்பியபோது 'டவர்ஸ்' ஆகியிருக்க வேண்டியது. சம்சாரம் முனீஸ்வரிதான் தடுத்தாள். "மேல கக்கூஸ் கட்டுனதுக்கெல்லாம் டவர்ஸா? வாசல்ல நின்னு சிரிப்பாக."

இப்பேர்ப்பட்ட மேதையையே ஒரு கட்டடம் தடுமாற வைத்தது. வடக்குத் தெருக் கோடியில் அவர் மச்சினன் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டிய 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி'தான் அது. அந்தப் பெயரில் 'மேல்நிலை' மட்டும் நிஜம். காலையில் ஏற்றிய தண்ணீரைச் சாயங்காலம் தேடினால் சுவரில் ஈரம்தான் இருந்தது. சல்லடைக்குக் கால் முளைத்து நிற்கிறது என்று ஊர் பேசியது. மேல்மூடி போடுவதற்குள் மச்சினனுக்கு வெளியூரில் அவசர வேலை வந்துவிட்டது. ஏணி வைப்பதற்குள்ளும் அதேபோல் இன்னொரு வேலை வந்துவிட்டது. உழைப்பாளி மனிதர்.

தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வடக்குத் தெரு ராக்கம்மாள் தினமும் விடியற்காலையில் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடத்தோடு திரும்புகிறபோது, 'பேலஸ்' வாசலில் சற்று நின்று இளைப்பாறுவாள். இளைப்பாற வேறு இடமே இல்லாததுபோல.

"தலைவரே, தொட்டியில தண்ணி எப்ப வரும்?"

"வரும்த்தா, வரும்."

"போன வருசமும் இதத்தேன் சொன்னீக."

"சொன்ன சொல்ல மாத்துற ஆளா நான்?"

இந்தப் பதிலின் கண்ணியம் ராக்கம்மாளுக்குப் புரியவில்லை. பின்னால் வந்த பெண்களுக்கும் புரியவில்லை. அத்தனை பேரும் சிரித்த சிரிப்பில் சுந்தரலிங்கத்துக்குக் காலைக் காப்பி இறங்கவில்லை. வடக்குத் தெரு ஓட்டு பூராவும் அந்தக் குடத்துக்குள் கிடந்து தளும்புவது அவர் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

அப்போதுதான் மதுரையிலிருந்து ஸ்டான்லி வரவழைக்கப்பட்டார். 'பிராண்டிங் ஆலோசகர்'. பல்பொடியை 'ஓரல் பவுடர்' ஆக்கி விலையேற்றியவர் என்று அவரே சொன்னார். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், உங்க பிரச்சினை தண்ணி இல்ல."

"அப்பாடா! இத அப்படியே வடக்குத் தெருவுல வந்து சொல்லிருங்களேன்."

"பிரச்சினை, தொட்டிங்கிற வார்த்தை. தொட்டின்னு சொன்னா ஜனங்க 'உள்ள என்ன இருக்கு'ன்னு கேப்பாங்க. டவர்னு சொல்லிப் பாருங்க. யாராவது உள்ள என்னன்னு கேக்குறாங்களா? அண்ணாந்து பாத்து ஒரு செல்ஃபி எடுத்துட்டுப் போயிருவாங்க."

சுந்தரலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் நிர்வாகி அல்லவா, சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டார். "சுவர்ல விரிசல் இருக்கே?"

"காற்றோட்டம்."

"மேல மூடி இல்லையே?"

"ஓப்பன் டாப். வெளிநாட்டுல இதுக்குத் தனி ரேட்டு."

"ஏற ஏணியே இல்லையே தம்பி?"

"அதான் சார் வி.ஐ.பி. டவர். எவனும் ஏற முடியாது."

கிராம சபை கூடியது. 'மேற்படி கட்டுமானம் இன்று முதல் மூணுமடைப்பட்டி வியூ டவர் என அழைக்கப்படும். தொட்டி என்ற சொல்லை ஊராட்சி எல்லைக்குள் எவரும் பயன்படுத்தலாகாது' என்று தீர்மானம் வாசிக்கப்பட்டது. டீக்கடை ஒச்சாண்டி எழுந்தார்.

"டவர்ல ஏறுனா என்ன தெரியும் தலைவரே?"

"மேகமலை தெரியும். சுருளி அருவிப் பக்கம் தெரியும். மேகம் இல்லாட்டி வைகை அணையே தெரியும்."

"அப்ப அடுத்த ஊருத் தண்ணி பூராத்தையும் பாத்துக்கிறலாம்னு சொல்லுங்க" என்றாள் ராக்கம்மாள். "அங்கன பாத்துட்டு இங்கன எச்சி முழுங்கணும்."

இந்தக் கருத்து தீர்மானத்தில் சேர்க்கப்படவில்லை. ஊராட்சிக் கிளார்க் வேலுச்சாமி வாய் தவறி "தொட்டிக்குப் பக்கத்துல..." என்று ஆரம்பித்துவிட, சபை நடுவே நிறுத்தி வைத்து 'டவர், டவர்' என்று வாய் நோகச் சொல்ல வைத்தார் தலைவர். அன்றிலிருந்து வேலுச்சாமி மாடு கழனித்தண்ணி குடிக்கிற கல்தொட்டியைக்கூட 'மாட்டு டவர்' என்றுதான் சொல்கிறார். சொல்லாட்சி என்றால் இதுவல்லவா!

திறப்பு விழாவுக்கு நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்தார்கள். கிரேன் இல்லாமல் விழாவா? அகராதிக்காரர்கள் அதற்குப் 'பளுதூக்கி' என்று பொருள் எழுதிவைத்திருக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் வந்து பார்த்திருந்தால் 'மாலைதூக்கி' என்று எழுதியிருப்பார்கள். இங்கே அது இரும்பைத் தூக்கி யார் பார்த்தது? பன்னீர்த் திராட்சையை ஆளுயரத்துக்குத் தொடுத்த மாலையைத் தூக்கும். தாய்மாமனைத் தூக்கும். தலைவர்களைத் தூக்கும். பளு என்று பார்த்தால் அதுவும் சரிதான்.

கிரேன் ஓட்டுகிற நாகராஜ் தொழிலில் சுத்தமான ஆள். ஒரே மாலையை ஒரே நாளில் ரெண்டு விசேஷத்துக்கு வாடகைக்கு விடுவான். மூணுமடைப்பட்டி முடிந்ததும் அதே மாலையோடு குச்சனூரில் காதுகுத்துக்குப் போகவேண்டும். இரும்புக் கூடையில் தலைவரை ஏற்றி, மாலையைப் பக்கத்தில் தொங்கவிட்டு, மேலே தூக்கினான்.

"கூடைக்குள்ளயே இருங்க தலைவரே. ஒரு சுத்துக் காமிச்சிட்டு எறக்கிர்றேன்."

"டவரத் தெறக்கிறவன் டவர்ல கால் வெக்காம இருந்தா வீடியோவுல என்னடா தெரியும்? என்னைய எறக்கிவிட்டுத் தள்ளிப் போ."

மூடியில்லாத தொட்டிக்குள், தவறு, டவருக்குள், தலைவர் இறங்கினார். சுவர் இடுப்பளவுதான் என்பதால் கீழே நின்றவர்களுக்கு அவர் நன்றாகவே தெரிந்தார். கையில் மைக். கட்டடக் கலையின் வரலாற்றைக் கோபுரத்திலிருந்து தொடங்கினார். பாதி கோபுரம் எழும்புவதற்குள் குச்சனூர்த் தாய்மாமன் மூன்று தரம் போன் பண்ணிவிட்டார். மாலை வராமல் பிள்ளைக்குக் காது குத்த மாட்டோம் என்று அங்கே அப்பா வீட்டார் கொடி பிடிக்கிறார்களாம். நாகராஜ் கீழேயிருந்து, "தலைவரே, நான் கெளம்பட்டுமா?" என்று கத்தினான். பேச்சின் உச்சத்தில் இருந்த தலைவர் 'தமிழன் கட்டிய உயரம்' என்று கையை நீட்டி வீசினார். நாகராஜ் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டான். கிரேன் போயிற்று. கூடவே மாலையும் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் மைக்கின் பேட்டரியும் போயிற்று.

உச்சி வெயில். தலைவர் சூடேறிய வாணலியில் விழுந்த கடலைபோல ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்தார். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "தண்ணி!" என்றார். ஒச்சாண்டி ஒரு பாட்டிலை மேலே எறிந்தார். அது தூணில் பட்டுத் திரும்பி, ஸ்டான்லியின் கறுப்புக் கண்ணாடியில் இறங்கியது. நாகராஜ் போனை எடுக்கவில்லை. காதுகுத்து மேளத்தில் அவனுக்குக் காதே கேட்கவில்லை போலிருக்கிறது. ஒச்சாண்டி மோட்டார் பைக்கில் குச்சனூர் கிளம்பப் பார்த்தார். அதற்குள் வேலுச்சாமி போலீசுக்குப் போன் அடித்துவிட்டார்.

"சார், மூணுமடைப்பட்டியிலருந்து பேசுறேன். எங்க தலைவர் டவர் மேல நிக்கிறாக."

"எறங்க மாட்டேங்குறாரா?"

"எறங்கல சார்."

"என்ன சொல்றாரு?"

"தண்ணி தண்ணின்னு கத்துறாக சார்."

"பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. குதிச்சிராமப் பாத்துக்கங்க."

தமிழ்நாட்டில் ஒரு மனிதன் டவர்மேல் நின்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேலுச்சாமி மட்டும் பழைய புத்தியில் 'தொட்டி' என்று சொல்லியிருந்தால் ஓர் ஏணி வந்திருக்கும். 'டவர்' என்றதால் அரசாங்கமே வந்தது. போலீஸ் ஜீப், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, கேமராவைத் தோளில் தூக்கிய ரெண்டு பேர். ஜீப்பிலிருந்து குதித்த எஸ்.ஐ. சிம்ரன் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"ஐயா, அவசரப்பட்டு எந்த முடிவும் எடுத்துராதீங்க! உங்க கோரிக்கை என்ன?"

இது போராட்டமல்ல, திறப்பு விழா என்று விளக்கத்தான் தலைவர் நினைத்தார். வறண்ட தொண்டையிலிருந்து ஒரே சொல்தான் வந்தது. "தண்ணி!"

"யாருக்குங்கய்யா?"

அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டக் கையைத் தூக்கினார். கால் சுட்டுத் துள்ளியதில் கை ஊர்ப்பக்கம் நீண்டது. கேமராக்காரர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிம்ரன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்மா, இந்த ஊர்ல தண்ணிப் பிரச்சினை இருக்கா?"

"அது வந்து மேடம், தலைவர் எதுக்கு ஏறுனாகன்னா..." என்று ஒச்சாண்டி நிஜத்தைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"ஏலே ஒச்சாண்டி, வாய மூடு" என்றாள் ராக்கம்மாள். "இத்தன வருசத்துல இன்னைக்குத்தேன் தலைவர் நமக்காகப் பேசுறாக. பேச விடு." பிறகு சிம்ரனிடம் குழைவாகத் திரும்பினாள். "ஆமா தாயி. தோட்டத்துக் கிணத்துல சுமந்து இடுப்பு விட்டுப்போச்சு. மனுக் குடுத்துக் குடுத்து எங்க கைநாட்டு ரேகையே அழிஞ்சுபோச்சு. பாவம், அந்த மனுசனுக்கே பொறுக்கல."

சிம்ரன் ஒன்றிய அலுவலகத்துக்குப் பேசினார். 'தலைவரே டவரில், டிவி வந்தாச்சு' என்ற ரெண்டு செய்தியும் போய்ச் சேர்ந்த வேகத்தில் தண்ணீர் லாரி புறப்பட்டது. மனு போட்டுக் காத்திருந்த ஊருக்குள் முதல் முறையாக ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. குடங்கள் ஓடின. அண்டாக்கள் உருண்டன. குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது. தீயணைப்புக்காரர்கள் ஏணியைச் சாய்த்தபோது வடக்குத் தெருவிலிருந்து ஒரு குரல், "சார், அவசரமில்ல! இன்னொரு லாரி வரட்டும், மெதுவா எறக்குங்க!" என்றது.

தலைவர் தரைக்கு வந்தார். ராக்கம்மாள் நீட்டிய செம்பை ஒரே மூச்சில் குடித்தார். தலையிலும் ஊற்றிக்கொண்டார். ஸ்டான்லி காதருகில் வந்து, "சார், ஹீரோ ஆயிட்டீங்க. எதையும் மாத்திச் சொல்லிராதீங்க" என்று கிசுகிசுத்தார். தலைவரும் யோசித்துப் பார்த்தார். போராட்டமில்லை என்றால் மேலே என்ன செய்தார் என்று சொல்லவேண்டும். மேலே என்ன என்று சொன்னால் ஏன் மூடியில்லை, ஏன் ஏணியில்லை, ஏன் தண்ணீரில்லை என்று வரிசையாக வரும். கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மக்களுக்காக, உயிரப் பணயம் வெச்சு ஏறினேன்."

கைதட்டல் மலைவரைக்கும் கேட்டது. ராக்கம்மாள்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

"ரொம்பச் சந்தோசம்ங்கய்யா" என்றார் சிம்ரன், பேனாவைத் திறந்துகொண்டே. "ஒரு விவரம் மட்டும் எழுதிக்கிறேன். இந்தப் போராட்டம் யாரக் கண்டிச்சு?"

தலைவர் ஸ்டான்லியைப் பார்த்தார். ஸ்டான்லி உடைந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ராக்கம்மாள் நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நான் சொல்றேன், எழுதிக்க தாயி. மூணுமடைப்பட்டி ஊராட்சித் தலைவர் சுந்தரலிங்கம். முழு விலாசம் வேணும்னா, அந்தா ஈரத்தோட நிக்கிறாக பாரு, அவுககிட்டயே கேட்டுக்க."