பிளாஸ்டிக் நாற்காலிச் சபாநாயகர்

ஒரே பதவிக்கு எதிரெதிராக நின்ற இரண்டு பேரையும் ஒரே காலைப்பொழுதில் வழிமொழிந்தவன் நான். அரசியலில் இருந்திருந்தால் இதற்கு ராஜதந்திரம் என்று பெயர் வைத்திருப்பார்கள். என் மனைவி வேறு பெயர் வைத்திருக்கிறாள். அதை அச்சில் போட ஆசிரியர் சம்மதிக்க மாட்டார்.

இந்தப் பெருமைக்கு என்னை ஆளாக்கியவர் சபாநாயகர். டில்லியில் இருப்பவர் இல்லை. திருவனந்தபுரத்தில் சாலை என்றே பெயர்கொண்ட கடைத்தெருவில் பெயிண்டும் குழாய்ச் சாமானும் விற்கிறவர். நாஞ்சில் நாட்டுக்காரர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கெல்லாம் சபாநாயகர் அண்ணாச்சி. இந்தியாவில் நாடாளுமன்ற ஒளிபரப்பை ஒரு நாள் விடாமல், ஒரு கொட்டாவி விடாமல் பார்த்த ஒரே பிரஜை அவர்தான் என்று சத்தியம் செய்வேன். மற்றவர்கள் சாமி படம் மாட்டுகிற இடத்தில் அவர் டி.வி. மாட்டியிருந்தார். ஊரே கிரிக்கெட் பார்த்து அலறிக்கொண்டிருந்த நாளில் அந்தக் கடையில் மட்டும் மீன்வளத் துறை மானியக் கோரிக்கை மறுஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது.

வாடிக்கையாளர்களுக்கும் விதிமுறை உண்டு. கேள்வி நேரத்தில் விலை கேட்கலாம். பூஜ்ய நேரத்தில் போன வாரம் வாங்கிய குழாய் ஒழுகுகிறது என்று புலம்பலாம். மசோதா விவாதத்துக்கு வந்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது.

நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு என்றால் மணி அடித்து அவைக் கதவுகளை அடைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. டில்லியில் மணி அடித்தால் சாலையில் அண்ணாச்சி எழுந்து ஷட்டரை இழுத்து விடுவார். ஒரு தடவை மணக்காட்டிலிருந்து வந்த பிளம்பர் என்னோடு உள்ளே மாட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி, தொறக்கணும்! அங்க பைப்பு பொட்டித் தெறிச்சு வெள்ளம் ஹால் வரைக்கும் வந்நாச்சு!"

"வெள்ளம் நாளைக்கும் வரும் வே. வாக்கு போனா வருமா? சும்மா இரியும்."

"எனக்கு அவிட வோட்டே இல்லல்லோ!"

"எனக்கு மட்டும் இருக்கா? நான் இருக்கேம்லா?"

ஷட்டர் ஏறியதும் பிளம்பர் பறந்தார். அந்த வீட்டில் சோபா மிதந்ததாகக் கேள்வி.

வீட்டிலும் ராத்திரிப் பலகாரத்தைக் குரல் வாக்கெடுப்புக்கு விடுவார். "தோசை வேணுங்கிறவங்க ஆம்னு சொல்லுங்க." பிள்ளைகள் கூரை அதிர 'ஆம்' என்பார்கள். "தீர்மானம் நிறைவேறியது" என்று அவர் முடிப்பதற்குள் அடுக்களையிலிருந்து அவர் சம்சாரத்தின் குரல் வரும்: "மாவு இல்ல. சபையக் கலைச்சிட்டு உப்புமாவத் தின்ன வாங்க."

அவர் குடியிருந்தது ஸ்ரீவராகத்தில், எங்கள் தெருவில். தெருச் சங்கக் கூட்டம் என்றால் தலைமை நாற்காலியில் அண்ணாச்சிதான். யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. அதில் உட்கார்ந்தால் சாக்கடைப் புகார், தெருநாய்ப் புகார் எல்லாம் கேட்க வேண்டும் என்று நாங்கள் ஒதுங்கினோம், அவர் உட்கார்ந்தார். அதுதான் அவருக்கு உள்ளூர உறுத்தல். "ஜெயிச்சு உக்காரல்ல சாமி. பஸ்ஸுல துண்டப் போட்டு சீட்டு பிடிச்ச மாதிரில்லா உக்காந்திருக்கேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு எனக்குக் கொடுத்த பெயிண்ட் நிறம் மாறிப்போயிருந்தது.

அப்போதுதான் விஷ்ணு கிளம்பினான். கழக்கூட்டம் என்கிற புறநகரில் மென்பொருள் வேலை, எங்கள் தெருப் பிள்ளை. சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கப் போவதாக அறிவித்தான். அவன் கொள்கை ஒற்றை வரி: கூட்டமே வேண்டாம், எல்லாவற்றையும் வாட்ஸாப்பில் முடித்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சி கொதிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவருக்கோ கல்யாணக் களை. போட்டி இருந்தால்தானே தேர்தல்! டில்லியில் புதிய சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கிற அன்றைக்குச் சாயங்காலமே நம் தேர்தலும் என்று நாள் குறித்தார். முன்மொழிகிறவர், வழிமொழிகிறவர் பெயர்களை முதல் நாள் நண்பகலுக்குள் சங்கச் செயலாளர் சாவித்திரி மாமியிடம் சொல்லிவிட வேண்டும். டில்லியிலும் அதுதானாம் வழக்கம்.

முதல் நாள் காலையில் விஷ்ணு வாசலில் பைக்கை நிறுத்தினான். "மாமா, என்னை ஒண்ணு வழிமொழியணும் கேட்டோ. பேரு மட்டும் தந்தா மதி, வேற ஒண்ணும் வேண்டா." என் கம்ப்யூட்டர் விழுங்கிய கட்டுரையைத் தோண்டி எடுத்துக் கொடுத்தவன் அவன். சரி என்றேன். அப்புறம் ஆணி வாங்கச் சாலைக்குப் போனேன். அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்து, டி.வி.யின் சத்தத்தையே குறைத்தார். அவர் கடையில் நான் அதுவரை காணாத மரியாதை. "சாமி, என்னிய நீருதான் வழிமொழியணும்" என்றார். அதற்கும் சரி என்றேன். வழிமொழிவது கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது மாதிரி, பெண் வீட்டுக்கும் போடலாம், பிள்ளை வீட்டுக்கும் போடலாம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் முற்பகல் கடையில் டில்லித் தேர்தலைப் பார்த்தோம். பெயர் முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், 'ஆம்' என்றார்கள். பிறகு ஆளுங்கட்சித் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று, ஜெயித்தவரை நாற்காலி வரை அழைத்துப் போனார்கள். அண்ணாச்சி மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"டர்ப்பன்டைன் நெடி" என்றார். கடையில் ஒரு டின்கூடத் திறந்திருக்கவில்லை.

சாயங்காலம் வாசகசாலை அறையில் கூட்டம். தான் வேட்பாளர் என்பதால் அண்ணாச்சி தலைமை நாற்காலியை விட்டிறங்கி, சாவித்திரி மாமியைத் தற்காலிகச் சபாநாயகராக அதில் உட்கார்த்தினார். மாமி பெயர்களைச் சொன்னாள். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"இதென்ன கூத்து? ரெண்டு பேரையும் நீங்களேவா வழிமொழிஞ்சிருக்கேள்?"

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. மெல்ல எழுந்தார்.

"ஒழுங்குப் பிரச்சினை, மாமி. ஒருத்தரு ஒரு பேரத்தான் வழிமொழியலாம். ரெண்டாவது செல்லாது. முதல்ல யாரு சொன்னது?"

"விஷ்ணு. காத்தால காப்பி குடிச்சிண்டிருந்தேன், அப்பவே போன் பண்ணிட்டான். நீங்க பதினோரு மணிக்கு மேல."

"அப்ப என் பேரு விழுந்துட்டு."

அவரை முன்மொழிந்திருந்த எதிர்வீட்டு வக்கீல் துள்ளி எழுந்தார். "அண்ணாச்சி, நம்ம சங்கத்துல அப்படி ஒரு சட்டமே கிடையாது! வேற ஒருத்தர் வழிமொழிஞ்சாப் போச்சு."

"நேத்து நண்பகலோட நேரம் முடிஞ்சாச்சு வக்கீலே. டில்லிக்கு ஒரு நியாயம், ஸ்ரீவராகத்துக்கு ஒரு நியாயமா? ஆள் எவனானாலும் சட்டம் ஒண்ணுதாம்."

வேறொருவர் வழிமொழியச் சம்மதித்திருந்தால் போதும், அவர் வென்றிருப்பார். தெருவில் பாதிக்கு மேல் அவர் பக்கம். வாழ்நாளெல்லாம் காத்திருந்த தேர்தலைத் தன் வாயாலேயே தோற்றுவிட்டு உட்கார்ந்தார். நான் நாற்காலிக்குள் எவ்வளவு சுருங்க முடியுமோ அவ்வளவு சுருங்கினேன். விஷ்ணு போட்டியின்றித் தேர்வானான்.

அண்ணாச்சி மறுபடியும் எழுந்தார். விஷ்ணுவின் கையைப் பிடித்தார். "வா மக்கா. தோத்த கட்சிதான் ஒரு பக்கம் பிடிக்கணும்" என்று அவனை நாற்காலிக்குக் கூட்டிப்போய் உட்கார்த்தினார். உட்கார்ந்த மாத்திரத்தில் சாக்கடைக்காக நான்கு பேர், நாய்க்காக மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். விஷ்ணு வாட்ஸாப்பில் இப்படிப்பட்ட சத்தத்தைக் கேட்டதில்லை.

"அண்ணாச்சி," என்றான் பரிதாபமாக. "தலைவர் இல்லாத சமயத்துல டில்லியில யாரு நடத்தும்?"

"மாற்றுத் தலைவர்னு கொஞ்சம் பேர நியமிச்சு வச்சிருப்பாங்க. சபாநாயகரே நியமிக்கலாம்."

"ஓட்டு வேண்டாமோ?"

"வேண்டாம். உன் வாய்ச்சொல் போதும்."

"அப்போ நான் ஒராள நியமிச்சாச்சு. நீங்க." சொல்லிக்கொண்டே எழுந்து, கைபேசியைக் காதில் வைத்தான். "எனக்கு ஆபீஸ் கால் உண்டு. இப்ப நான் இங்க இல்ல." அந்தக் கைபேசி மணி அடிக்கவே இல்லை என்பதை அறையில் அத்தனை பேரும் பார்த்தோம்.

விஷ்ணு, அங்கே இல்லாத நிலையிலேயே, அண்ணாச்சியின் இடது கையைப் பிடித்தான். வக்கீல் என் முதுகில் ஒரு குத்து விட்டார். நான் வலது கையைப் பிடித்தேன். நாற்காலி நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது. அண்ணாச்சி நேராகப் போகவில்லை. கேரம் போர்டைச் சுற்றி, பத்திரிகை மேஜையைச் சுற்றி, ஜன்னல் வரை போய்த் திரும்பி நடந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. சாக்கடைக்காரர்கள்கூட வாயை மூடிக்கொண்டு எழுந்து நின்றார்கள். அந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்தபோது, நல்ல வேளையாக, எனக்கும் எங்கிருந்தோ டர்ப்பன்டைன் நெடி அடித்தது.

வீட்டுக்கு வந்து, கூட்டத்துக்கு வந்திருந்த மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "பார்த்தியோ, சபாநாயகரை நாற்காலிக்கு அழைச்சுண்டு போனதே நான்தான்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அப்படியா? பின்னால உக்காந்து பார்த்தவாளுக்கு, அவர் ரெண்டு குழந்தைகளைத் திருவிழாவுக்குக் கூட்டிண்டு போறாப்பலன்னா இருந்தது."